சகலையின் சுரைக்காய்

சுரைப்பூ மலர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சகலை வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடுவில் கிடைத்த முக்கால் மணி நேரம் ஒரு குற்றத்துக்குத் தாராளம்.

தோட்டத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. ஆனாலும் பல்செட்டு குழாயடியில் நின்று திருகைத் திறப்பதும் மூடுவதுமாக, தண்ணீர் பாய்ச்ச வந்தவர் மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். முதல் தடவை தப்புச் செய்கிறவனுக்குப் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் நடிப்பு வந்துவிடுகிறது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஒரு நாள்கூடச் சீட்டு வாங்காமல் பஸ்ஸில் போனதில்லை.

சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பல்செட்டைப் போட்டுக் கொடுக்கிற டப்பா. அதுதான் அவர் தொழில். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பார். அதனால் வந்த பெயர் பல்செட்டு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே குடியிருப்பில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்றைக்கு டப்பாவுக்குள் பல் இல்லை. ஒரு வெள்ளைப் பூ இருந்தது. கூடவே ஒரு தூரிகை. பொய்ப்பல்லுக்கு நிஜப்பல்லின் மஞ்சளை ஏற்றுவதற்கென்று அவர் வைத்திருந்த, நுனியில் பத்து மயிர்கூட இல்லாத தூரிகை.

இந்த இடத்தில் அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே முன்பு ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை இடித்த பிறகு மிஞ்சிய மண்ணில் இருபத்திரண்டு பாத்திகள். வீட்டுக்கு ஒன்று. சமையல் கழிவு மூலைக் குழியில் மக்கி உரமாகும். மருந்து கிடையாது. விதை கடையில் வாங்கக் கூடாது. ஒவ்வொரு காய்க்கும் விதை எடுத்து வைப்பது ஒரு வீட்டின் பொறுப்பு. தக்காளி டெய்லர் அக்காவுக்கு, வெண்டை மூன்றாம் மாடி நர்ஸுக்கு. கொட்டகை அலமாரியில் காய்க்கு ஒரு தகர டப்பா, டப்பா மேல் பொறுப்பாளியின் பெயர் பெயின்டில்.

ஆறு வருஷமாக அந்த அலமாரியில் நட்டநடுவே நின்ற டப்பாவில் எழுதியிருந்தது: சுரை – பல்செட்டு.

போன வருஷம்தான் சனி பிடித்தது. விதை ஈரமில்லாமல் காயட்டுமே என்று டப்பாவைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மெழுகு உருக்கும் உலைக்குப் பக்கத்தில் பத்து நாள் வைத்தார். காய்ந்தது. காய்ந்ததோடு செத்தும் போயிற்று. இருபத்திரண்டு வீடுகளுக்கும் கொடுத்த விதையில் நாலே நாலு முளைத்தன. அதில் ஒன்று, தோட்டத்துக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத சகலையின் பாத்தியில் முளைத்துத் தொலைத்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எதிர்க்கட்டடம். லிஃப்ட் மெக்கானிக். ஓட்டை லிஃப்டிலிருந்து கழற்றிய கம்பி வடத்தைக் கொண்டு பந்தல் போட்டான். கொடி அதில் ஏறிய வேகத்தைப் பார்த்தால் யாரோ பொத்தானை அமுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் பந்தலைப் பார்த்தீங்களா? கண்ணு பட்டுடும் போல இருக்கு," என்றாள் மனைவி, காலைக் காப்பியோடு.

"கம்பி அவன் கம்பெனிக் கம்பி. ஆளையே பத்து மாடி தூக்குது. கொடியைத் தூக்காதா?"

"கொடியைக் கம்பி தூக்கும். காயுமா கம்பி காய்க்கும்?"

காப்பி சுட்டது.

இதில் மாமியார் வேறு. அவர் இருப்பது சின்ன மகள் வீட்டில். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து காலையில் பச்சைச் சுரைக்காய் ஜூஸ். உப்பும் எலுமிச்சையும் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கு. ஆறு வருஷம் குடித்தது பல்செட்டின் காயை. அப்போதெல்லாம் ஒரு வார்த்தை வந்ததில்லை. சகலையின் முதல் காயைக் குடித்த அன்று எதிர்க்கட்டடத்திலிருந்து ஃபோனே வந்தது.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கக் கூடாது. இது காய் இல்ல, வெண்ணெய்!"

மறுவாரக் கூட்டத்தில் டெய்லர் அக்கா ஒரு பழைய பிளேடால் டப்பாவைச் சுரண்டினார். 'பல்செட்டு' துகள் துகளாக உதிர்ந்தது. அந்த இடத்தில் 'சகலை' என்று எழுதினார்கள். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள்: அவனுக்குத் தோட்டத்தில் பெயரே 'சகலை'தான். அது யாருக்குச் சகலை? இவருக்கு! இவரைச் சாக்கிட்டு வந்த பெயரையே இவர் பெயர் இருந்த இடத்தில் எழுதினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பல்செட்டும் தட்டினார். கை தட்டியது, வயிறு பற்றி எரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சுரைப்பூ மெல்ல இதழ் விரித்தது.

பந்தலின் நல்ல கொடியில், நல்ல பெண்பூவாக ஒன்றைத் தேர்ந்து, சகலை அதற்கு வலைத்துணிப் பை மாட்டியிருந்தான். கண்ட பூச்சியும் கண்ட மகரந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது, வேலை முடிந்து வந்து தன் கொடியின் ஆண்பூவைத் தானே தடவ வேண்டும் என்று ஏற்பாடு. சொல்லிக் கொடுத்தது யார்? இதே பல்செட்டுதான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை.

பையின் சுருக்கை அவிழ்த்தார். டப்பாவிலிருந்த பூவில் தூரிகையை உருட்டினார். பல்லில் நிறமேற்றுகிற அதே பொறுமையோடு பெண்பூவின் நடுவில் மூன்று சுற்று.

அந்தப் பூ அவர் பட்டறைத் தெருவில் இருக்கும் கூண்டுக்காரர் வேலியிலிருந்து வந்தது. கூண்டுக்காரர் தொப்பைச் சுரையைக் காயவைத்து, ஓட்டை போட்டு, பறவைக் கூண்டு செய்து விற்பவர். காய் ஒவ்வொன்றும் இடுப்பே இல்லாத ஆள் மாதிரி இருக்கும். அந்த மகரந்தம் உள்ளே போனால் இந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. அது தாய்க்கொடியின் காய். விதைதான் மாறும். அடுத்த வருஷம் அந்த விதையைப் போடுகிற எல்லாப் பாத்தியிலும் கோணல்மாணலாக, தொப்பையும் திருகலுமாகக் காய் தொங்கும். டப்பாவில் யார் பெயர்? சகலை பெயர்.

அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது. ஒரு சின்ன மூக்குடைப்பு. பதிலுக்குப் பதில்.

சுருக்கை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பினால்...

"என்னண்ணே, இந்த நேரத்துல?"

சகலை! அரை மணி நேரம் முன்னதாக! தோளில் கருவிப் பை, முழங்கையில் கிரீஸ்.

"தண்ணி... தண்ணி முறை."

"உங்க முறை நாளைக்கில்ல?"

"அப்படியா? நாளைக்கா?" பல்செட்டு சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "வயசாகுதுல்ல."

"உங்களுக்கா? போங்கண்ணே." சகலை சிரித்துக்கொண்டே ஓர் ஆண்பூவைக் கிள்ளினான். பையைக் கழற்றினான். திடீரென்று நின்றான். பல்செட்டின் இதயமும் நின்றது.

"நீங்க இருக்கிறதும் நல்லதாப் போச்சு. நான் சரியாப் பண்றேனான்னு பாருங்க."

பார்த்தார். அவன் பூவைப் பூவின் மேல் தேய்த்தான். முந்தி வந்த மகரந்தம் உள்ளே போயிருக்கும், பிந்தி வந்ததும் கொஞ்சம் போகும்.

"சரியாத்தான் பண்றே," என்றார்.

சகலை காம்பில் சிவப்பு நாடா கட்டினான். நாடா கட்டிய காயை யாரும் பறிக்கக் கூடாது. அதுதான் விதைக்காய்.

அதன் பிறகு வந்த நாட்களில் பல்செட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. காய் நீண்டது, நேராக, கூச்சமில்லாமல். வந்தவர் போனவரெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். நர்ஸ் அளந்து பார்த்து இரண்டரை அடி என்றார். பல்செட்டு எல்லாருக்கும் முன்னால் நின்று, "பிரமாதம் சகலை," என்றார். உள்ளே ஒருவன் உட்கார்ந்து, 'ஆடு, நல்லா ஆடு, அடுத்த வருஷம் இருக்கு உனக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி, "உங்களுக்குக்கூட மனசு விரிஞ்சுடுச்சே," என்று ஆச்சரியப்பட்டாள்.

காய் முத்தி, காய்ந்து, ஆட்டினால் குலுங்குகிற பதத்துக்கு வந்தது. பிளந்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விதை பங்கிடும் நாள் என்று அறிவித்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம், பட்டறைக்குப் போகிற வழியில் பல்செட்டு கூண்டுக்காரர் வாசலில் நின்றார். கூண்டுக்காரர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஒரு காய்ந்த சுரையை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், தூசியா?"

"தூசியா? விஷம் சார்!" அவர் துணியை இறக்கினார். "பேய்ச்சுரை. உள்ளே இருக்கிற தூள் நாக்குல பட்டா அன்னிக்குச் சோறு கிடையாது. ரெண்டு வருஷம் முன்னால என் மச்சினன் வீராப்பா பச்சையா அரைத் துண்டு தின்னான். நாலு நாள் ஆஸ்பத்திரி. ரத்த ரத்தமா வாந்தி. ஆள் பிழைச்சதே பெரிசு."

"காய்தானே அப்படி? பூ... மகரந்தம்... அது வேற சுரையில பட்டா?"

"அந்த விதையில வர்ற காயும் கசக்கும். அதனாலதான் இந்தத் தெருவுல ஒருத்தரையும் நான் சுரை போட விடறதில்ல. அதுல ஒரு கஷ்டம் என்னன்னா சார், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிலது நல்ல காய் மாதிரியே நீட்டா, பளபளன்னு இருக்கும். நாக்குதான் சொல்லணும்." கூண்டுக்காரர் மறுபடி துணியை ஏற்றினார். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

சும்மா! தெருமுனை வரை நடப்பதற்குள் பல்செட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் ஒரே ஒரு படம்: மாமியார். உப்பு, எலுமிச்சை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. நாக்கு எங்கே சொல்லப்போகிறது? அதுக்குள் தொண்டை தாண்டியிருக்கும்.

மாமியார் மட்டுமா? இருபத்திரண்டு வீடு. கைக்குழந்தை இருக்கிற வீடு எட்டு.

பட்டறைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார். சமையலறைப் பரணில் ஒரு பாட்டில் இருந்தது. போன வருஷம் செத்துப்போன விதையில் மிச்சம். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை தானாக வந்தது.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாகக் கொட்டகைக்குப் போனார். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்குள் பூட்டு எதற்கு என்று ஆறு வருஷம் முன்னால் கூட்டத்தில் பேசியவர் அவர்தான். சகலையின் விதையைப் பொய்ப்பல் டப்பாவுக்குள் கவிழ்த்தார். செத்த விதையைத் தகர டப்பாவில் நிரப்பினார். கலந்து வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. விஷ விதையை நாளைக்குப் பட்டறை உலையில் போட்டால் சாம்பல். கதை முடிந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அந்த இன்னொரு கணக்கு மண்டையில் பளிச்சிட்டது.

செத்த விதை முளைக்காது. இருபத்திரண்டு வீட்டிலும் முளைக்காது. டப்பாவில் சகலை பெயர். போன வருஷம் இவர் குனிந்து நின்ற இடத்தில் அவன் குனிந்து நிற்பான். உயிருக்கும் ஆபத்தில்லை, அவனுக்கும் மூக்குடையும்! தான் திட்டம் போட்டதைவிட நன்றாக வந்திருக்கிறதே! வாசலில் கோலிக்குண்டு ஜெயித்த பையன் மாதிரி பல்செட்டு படியேறினார். காப்பி இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒன்பது மணி. தோட்டத்தில் பாய் விரித்துக் கூட்டம். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார், பக்கத்தில் இரண்டு மகள்களும். ஒவ்வொரு காயாகப் பங்கிட்டு, கடைசியில் சுரைக்கு வந்தார்கள். சகலை டப்பாவோடு எழுந்தான்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்," என்றான். "யாரும் கோவிச்சுக்கக் கூடாது. நம்மால முடியலங்க."

"என்ன முடியல?" என்றார் டெய்லர் அக்கா.

"இந்த விதைப் பொறுப்பு. சாயங்காலமானா பூ மலருதா, பூச்சி வருதா, எலி கடிக்குதான்னு... பொண்டாட்டியைக்கூட இவ்வளவு கவனிச்சதில்ல, அவளே சொல்றா. ஒரு சினிமா போக முடியல. காய் வேணா நாலு காய்ச்சுத் தர்றேன், இந்த டப்பா வேணாம் சாமி." சிரிப்புக்கு நடுவே அவன் நேராக வந்து டப்பாவைப் பல்செட்டின் மடியில் வைத்தான். "அண்ணன்தான் இதுக்குச் சரியான ஆள். டப்பாவுல பேரையும் மாத்திடுங்க அக்கா. இந்த வருஷ விதையே அண்ணன் பேர்ல போகட்டும்."

கை தட்டினார்கள்.

பல்செட்டு மடியில் இருந்ததைப் பார்த்தார். எதற்காக ஒரு வருஷம் தூக்கம் கெட்டாரோ, அதை இவன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் பையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டான். அவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை! அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. அந்த எரிச்சலில் இரண்டாவது விஷயம் உறைக்கவே அரை நிமிஷம் ஆயிற்று: உள்ளே இருப்பது செத்த விதை. இப்போது அது அவர் பெயரில். இரண்டாவது வருஷமாக!

பரவாயில்லை என்று பல்லைக் கடித்தார். மழை ஈரம் பட்டுவிட்டது, எலி மூத்திரம் பட்டுவிட்டது, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மானம்தானே, போகட்டும்.

"இந்தத் தடவை ஏமாற மாட்டோம்," என்றார் டெய்லர் அக்கா பெருமையாக. "போன வருஷம் பட்டது போதும்னு நான் ரெண்டு வாரம் முன்னாடியே டப்பாவுலேர்ந்து பத்து விதை எடுத்து ஈரத்துணியில சுத்தி வச்சுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து! ஒண்ணுகூடத் தப்பல!"

பல்செட்டின் கையில் டப்பா கனத்தது. "அந்தப் பத்து... எங்கே அக்கா?"

"முளைச்சதைத் தூக்கிப் போட மனசு வருமா? கப்புல வச்சு வளர்த்து, கடைக்கு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டேன்."

"யார் யாருக்கு?"

"அதெல்லாம் யாரு எழுதி வச்சா?"

"எனக்கு ரெண்டு," என்றார் மாமியார். "பால்கனியில வச்சிருக்கேன். இனிமே ஜூஸுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேணாம் பாருங்க."

தோட்டத்தில் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிவிட முடியுமா? யார் வீடு என்றே தெரியாதே! டெய்லர் கடைக்கு எந்தெந்தத் தெருவிலிருந்தோ வருகிறார்கள். சொன்னால்தான் ஞாபகப்படுத்துவார்கள். சொன்னால்தான் தேடுவார்கள்.

எழுந்தார். "அந்தச் செடியையெல்லாம் பிடுங்கணும்."

"எதை?"

"பத்தையும். அது கசப்பு. விஷம்."

மாமியார் பெரிய மகள் பக்கம் திரும்பினார். "பார்த்தியாடி? டப்பா திரும்பக் கைக்கு வந்தும் உன் வீட்டுக்காரருக்கு ஆறல. சின்னவர் விதைன்னா விஷமாம்!"

ஒருவர் சிரித்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "ஏங்க, உட்காருங்க," என்றாள் உதடு பிரியாமல்.

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து பொய்ப்பல் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார்.

"இதுதான் சகலையோட விதை. தகர டப்பாவுல இருக்கிறது என்னோட போன வருஷத்துச் செத்த விதை. காலையில நான்தான் மாத்தினேன்." சகலை பக்கம் திரும்பினார். "விதைக்காய்ப் பூவுல பேய்ச்சுரை மகரந்தத்தைத் தடவினதும் நான்தான். அது பேய்ச்சுரைன்னு அப்போ தெரியாது. காய் கோணலா வரணும், இவன் பேர் கெடணும்னு மட்டும்தான் நினைச்சேன். அத்தே, நீங்க சொன்னது சரி. பொறாமைதான். ஆனா விஷமும் நிஜம். அதை ஜூஸ் போட்டுக் குடிச்சா உயிர் போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் எழுந்து வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "எல்லா விதையும் கெட்டதா?"

"தெரியாது. எனக்குப் பின்னாடி இவனும் இவன் பூவைத் தடவினான். சிலது அவனோடது, சிலது என்னோடது. பார்த்துச் சொல்ல முடியாது."

எல்லாரும் சகலையைப் பார்த்தார்கள். அவன் அடிப்பான் என்று பல்செட்டு எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏண்ணே," என்றான் சகலை, நிஜமாகவே புரியாமல். "கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே?"

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். விதை மொத்தமும் உலைக்குப் போனது. அந்த வருஷம் தோட்டத்தில் சுரை கிடையாது. ஆறு வருஷம் காத்த இனம் அதோடு சரி. மாமியார் தன் இரண்டு செடிகளையும் தானே பிடுங்கிக் கொண்டுவந்து பெரிய மாப்பிள்ளை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார். டெய்லர் அக்கா கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். பத்து நாளில் இன்னும் ஏழு செடிகள் வந்து சேர்ந்தன.

ஒன்பது. பத்தாவது வரவில்லை.

"காக்கி யூனிஃபார்ம் தைக்க வந்துச்சு ஒரு பொண்ணு. கண்டக்டரா இருக்கும். மூஞ்சி ஞாபகம் இல்ல," என்றார் டெய்லர் அக்கா.

பல்செட்டு பட்டறையைத் தினமும் நாலு மணிக்கே மூடினார். பஸ் டெப்போ வாசலில் நின்றார். கண்டக்டர் பெண்கள் ஒவ்வொருவரையும், "சுரைச்செடி வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு பேர் முறைத்தார்கள். ஒருத்தி செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். தெருத் தெருவாகப் பால்கனிகளை அண்ணாந்து பார்த்து நடந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். கொடி பூக்கும் காலம் வந்தது. பிஞ்சு விடும் காலம் வந்தது. ஒவ்வொரு நாளும் பேப்பரைத் திறந்ததும் ஆஸ்பத்திரிச் செய்தியைத்தான் முதலில் தேடினார்.

அறுபத்தெட்டாம் நாள் சாயங்காலம், டெப்போவுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் பார்த்தார்.

கொடி பால்கனிக் கம்பியை மூடிக்கொண்டு கீழே வரை தொங்கியது. அதில் மூன்று காய்.

படியேறிக் கதவைத் தட்டினார். காக்கிச் சட்டையோடு ஒரு பெண் திறந்தாள். கையில் கத்தி.

"யாரு?"

"அந்தச் சுரைக்காய்... பறிச்சுட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

"இப்பதான் முதல் காயைப் பறிச்சேன். நறுக்கப் போறேன். நீங்க யாரு சார்?"

மூச்சு வாங்கச் சொன்னார். பாதிக் கதைக்கு மேல் அவளுக்குப் பொறுமை இல்லை.

"டெய்லர் அக்கா கொடுத்த செடியில விஷமா? தினமும் ரெண்டு ஷிஃப்ட் முடிச்சு வந்து தண்ணி ஊத்தி வளர்த்திருக்கேன். கீழ் வீட்டுக்காரர் கண்ணு வைக்கிறாரு, நீங்க விஷம்ங்கிறீங்க. அடுத்தவங்க வீட்டுல நாலு காய் காய்ச்சா உங்களுக்கெல்லாம் ஏன் சார் பொறுக்க மாட்டேங்குது?"

"ஒரு சீவல் கொடுங்க. நான் வாயில வச்சுப் பார்க்கிறேன். கசந்தா நீங்களே கொடியை வெட்டிப் போடுங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே விட்டாள்.

சமையல் மேடையில் அது படுத்திருந்தது. இரண்டரை அடி. தொப்பை இல்லை, திருகல் இல்லை. வடிவத்தை நம்பக் கூடாது என்று கூண்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவள் காம்புப் பக்கம் ஒரு மெல்லிய சீவல் எடுத்துக் கொடுத்தாள். பல்செட்டு கண்ணை மூடி நாக்கில் வைத்தார். காத்திருந்தார்.

ஒன்றுமில்லை. மென்றார். நடுவில் ஒரு சீவல் கேட்டார். நுனியில் ஒன்று. கொடியில் தொங்கிய மற்ற இரண்டையும் விடவில்லை. ஊசி அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

பச்சைத் தண்ணீர் மாதிரி, லேசான தித்திப்பு. வெண்ணெய். மாமியார் சொன்ன அதே வெண்ணெய்.

இதில் அவர் தூரிகை தொட்டது எதுவும் இல்லை. முழுக்க முழுக்க அவனுடையது. பத்தில் தப்பிய ஒன்று. உலகத்தில் மிஞ்சிய ஒரே ஒன்று.

"என்ன சார், கசக்குதா?"

ஒரு வார்த்தை போதும். 'கசக்குது' என்றால் அவளே கொடியை வெட்டுவாள். மறுத்துச் சொல்ல ஒரு நாக்கு கிடையாது. சகலையின் காய் இந்த மண்ணில் இருந்த தடமே இருக்காது. ஆறு வருஷத்தில் அவர் கையில் ஒரு தடவைகூட இப்படி ஒரு காய் வந்ததில்லை. வயிறு எரிந்தது. நிஜமாகவே, பழைய இடத்தில், பழைய மாதிரியே எரிந்தது.

"சார்?"

"கசக்கல," என்றார். அது வெளியே வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "நல்ல காய். தைரியமா சமைங்க."

"நான்தான் சொன்னேனே!"

"ஒரு உதவி. மத்த ரெண்டுல ஒண்ணைப் பறிக்காதீங்க. நல்லா முத்திக் காயட்டும். விதைக்கு ஆளை அனுப்புறேன்."

"நீங்களே வந்து வாங்கிக்கலாமே?"

பல்செட்டு வாசல்படியில் குனிந்து செருப்பை மாட்டினார்.

"என் சகலை வருவாரும்மா," என்றார். "அவர் காய் இது."